காலியாக்கப்பட்ட நாற்காலிகள்

2022ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் தேதி ரோமாபுரியில் இத்தாலியச் செனட் சபை புதிதாகக் கூடியபோது, முதல் நாள் அமர்வுக்கு வயது முதிர்ந்தோரே தலைமை தாங்குவது என்னும் மரபை அனுசரித்து அக்கிராசனத்தில் அமர்ந்தவர் லிலியானா செக்ரே என்னும் 92 வயது மூதாட்டி. இதேபோன்றதோர் இலையுதிர் காலத்தில், 1938இல், தன் ஆரம்பப் பள்ளி பெஞ்சை விட்டு எழுந்து போகும்படி சட்டத்தால் கட்டாயப்படுத்தப்பட்ட சிறுமியே இன்று இந்த உயர்ந்த ஆசனத்தில் இருக்கிறாள் என்பதை எண்ணும்போது தமக்குத் தலை சுற்றுவதுபோல் இருக்கிறது என்று அவர் அன்று சபையில் சொன்னார். எட்டு வயதில் மிலான் நகரத்தில் பள்ளியை இழந்த அந்தச் சிறுமி, பதின்மூன்றாம் வயதில், 1944 ஜனவரி 30ஆம் தேதி, அந்நகரத்து ரயில் நிலையத்தின் அடித்தளத்தில் தந்தையுடன் சரக்கு வண்டியில் ஏற்றப்பட்டு ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டாள். தந்தை திரும்பவில்லை.

ஆஷ்விட்ஸைப் பற்றி உலகம் நிறையப் பேசியிருக்கிறது, பேசவேண்டியதுதான். ஆனால் எட்டு வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடையே அந்தக் குழந்தையின் தேசத்தில் கழிந்த ஐந்து வருஷங்களைப் பற்றி, அதாவது பெரும்பாலும் கும்பல்களின் கையால் அல்லாமல் குமாஸ்தாக்களின் கையால், எல்லாம் அரசாங்கக் கெஜட்டில் அச்சாகி, இலக்கமிடப்பட்டு, உரியவர்களின் கையெழுத்துடன் முறைப்படி நடந்தேறிய அந்தக் காலத்தைப் பற்றி, நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். எழுந்து போகச் சொல்லப்பட்டவர்கள் யார் என்பதைச் சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது. அவர்கள் எழுந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தவர்கள் யார், உட்காருமுன் அவர்கள் எதை எண்ணினார்கள் என்பதை அவ்வளவு தீவிரமாக யாரும் விசாரிக்கவில்லை.

இத்தாலியில் யூதர்கள் நேற்று வந்து குடியேறியவர்கள் அல்லர். கிறிஸ்து சகாப்தம் பிறப்பதற்கு முன்பிருந்தே ரோமாபுரியில் அவர்கள் வசித்து வருகிறார்கள். 1555இல் போப்பாண்டவர் நான்காம் பால் அந்நகரத்து யூதர்களை மதில் சூழ்ந்த தனிக் குடியிருப்பில் அடைத்தார். 1848இல் பீட்மாண்ட் மன்னர் கார்லோ ஆல்பர்ட்டோ தம் ராஜ்யத்து யூதர்களுக்குச் சம உரிமை அளித்தார். 1870இல் ரோமாபுரி ஐக்கிய இத்தாலியோடு இணைந்தபோது அங்கிருந்தவர்களும் முழுப் பிரஜைகள் ஆனார்கள். அதற்குப் பின் ஒரு தலைமுறைக் காலத்திலேயே ஜுசெப்பே ஒட்டோலெங்கி யுத்த மந்திரியாகவும், எர்னெஸ்டோ நாதன் ரோமாபுரி மேயராகவும், லூயிஜி லுட்ஸாட்டி பிரதம மந்திரியாகவும் உயர்ந்தார்கள் என்றால், அத்தேசம் இவர்களைத் தன் மக்களாகவே ஏற்றுக்கொண்டது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. முசோலினியின் மந்திரிசபையிலேயே 1932 முதல் 1935 வரை நிதி இலாகாவை நிர்வகித்த கூயிடோ யுங் யூதர்; முசோலினியின் ஜீவிய சரித்திரத்தை எழுதி அவர் புகழை உலகெங்கும் பரப்பிய மார்கெரிட்டா சார்ஃபாட்டியும் யூதர். எமில் லுட்விக் என்னும் எழுத்தாளர் 1932இல் பேட்டி கண்டபோது, இத்தாலியில் யூத துவேஷம் கிடையாது என்று முசோலினியே கூறியிருந்தார்.

ஆறு ஆண்டுகளுக்குள் இது எப்படித் தலைகீழாயிற்று? ஹிட்லரின் நிர்ப்பந்தத்தால் என்று சொல்வது யுத்தத்துக்குப் பின் பலருக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் ஜெர்மனி அப்படியொரு சட்டத்தைக் கோரியதற்கான ஆதாரத்தைச் சரித்திர ஆசிரியர்கள் கண்டதில்லை. வேர் ஆப்பிரிக்காவில் இருந்தது. 1936இல் எத்தியோப்பியாவைக் கைப்பற்றிய கையோடு, அங்கே இத்தாலியர் உள்நாட்டுப் பெண்களுடன் குடும்பம் நடத்துவதை ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி 1937 ஏப்ரலில் ஓர் ஆணை பிறப்பிக்கப்பட்டது. கறுப்பு நிறத்தவரைத் தாழ்ந்தவர் என்று சட்டத்தில் எழுதக் கூசாத கை, அண்டை வீட்டுக்காரரைத் தாழ்ந்தவர் என்று எழுத அதிக காலம் தயங்கவில்லை. தொலைதூரக் காலனியில் நடந்தபோது தலைநகரத்தில் கண்டனக் குரல் எழும்பாத காரியம் தலைநகரத்துக்கே வந்து சேர்ந்தது.

1938 ஜூலை 14ஆம் தேதி, இனத்தைப் பற்றிய பத்து அம்சப் பிரகடனம் ஒன்று பத்திரிகையில் வெளியாயிற்று. முதலில் ஆசிரியர் பெயர் இல்லை. பிறகு பத்து விஞ்ஞானிகளின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. முசோலினியின் குறிப்புகளைக் கொண்டு கூயிடோ லாண்ட்ரா என்ற இளம் மானிடவியல் அறிஞர் பெரும்பகுதியைத் தயாரித்த அந்த அறிக்கையின் ஒன்பதாவது அம்சம், யூதர்கள் இத்தாலிய இனத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்றது. சட்டம் பிறப்பதற்கு முன்னால் அதற்குச் சாஸ்திரத்தின் அங்கீகாரம் வேண்டியிருந்தது என்பதையும், அந்த அங்கீகாரத்தை வழங்கச் சர்வகலாசாலைகளில் ஆட்கள் கிடைத்தார்கள் என்பதையும் கவனிக்கவேண்டும்.

அடுத்த மாதம் 22ஆம் தேதி கணக்கெடுப்பு நடந்தது. உள்நாட்டு மந்திரி காரியாலயத்தில் இதற்கென்றே ஜனத்தொகைக்கும் இனத்துக்குமாக ஒரு தனி இலாகா அமைக்கப்பட்டிருந்தது. தாய் தந்தையரில் ஒருவரேனும் யூதராக உள்ளவர்கள் 58,412 பேர் என்றும், அவர்களில் யூதர்களாகவே வாழ்பவர்கள் 46,656 பேர் என்றும் தெரியவந்தது. தேசத்து ஜனத்தொகையில் ஆயிரத்துக்கு ஒருவர். ஏதோ புள்ளிவிவரம் என்று எண்ணிப் பெயரையும் விலாசத்தையும் ஒளிக்காமல் சொன்னார்கள். அரசாங்கத்தின் கேள்விக்கு உண்மையான விடை அளிப்பது நற்பிரஜையின் கடமை என்று வளர்ந்தவர்கள் வேறெப்படிச் சொல்வார்கள்?

முதல் அடி பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. செப்டம்பர் 5ஆம் தேதி, பிசா நகரத்துக்கு அருகே சான் ரொஸ்ஸோரே என்னும் அரச மாளிகையில் ஓய்விலிருந்த மூன்றாம் விக்டர் இம்மானுவேல் மன்னர், யூத ஆசிரியர்களையும் மாணவர்களையும் அரசாங்கக் கல்விச் சாலைகளிலிருந்து விலக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். யூதர்களுக்கு 1848இல் சம உரிமை வழங்கிய அதே கார்லோ ஆல்பர்ட்டோவின் வழிவந்தவர் இவர். பாலர் பள்ளி முதல் சர்வகலாசாலை வரை பணியாற்றிய யூத ஆசிரியர்கள் அக்டோபர் 16 முதல் வேலையிழந்தார்கள். யூதக் குழந்தைகள் சேர்க்கப்படலாகாது. ஏற்கெனவே சர்வகலாசாலையில் சேர்ந்திருந்தவர்கள் மட்டும் படிப்பை முடித்துக்கொள்ளலாம். பிற்காலத்தில் ஆஷ்விட்ஸ் அனுபவத்தை எழுதி உலகப் புகழ்பெற்ற பிரிமோ லெவி இந்த விலக்கின்படியே டூரின் நகரத்தில் ரசாயனம் படித்து 1941இல் பட்டம் பெற்றார். அந்தப் பட்டப் பத்திரத்திலும் அவர் யூத இனத்தவர் என்று எழுதியே கொடுத்தார்கள். யூதர்கள் எழுதிய பாடப் புத்தகங்களும் ஒழிக்கப்பட்டன. ஆசிரியர் பெயர் பார்த்து இலக்கணத்தையும் க்ஷேத்திர கணிதத்தையும் விலக்கிய இந்தக் காரியத்தைத் தலைமேல் எடுத்துக்கொண்டு செய்த கல்வி மந்திரி ஜுசெப்பே பொட்டாய் நன்கு படித்தவர், கலா ரசிகர் என்று பெயரெடுத்தவர்.

பிரதான சட்டம் நவம்பர் 17ஆம் தேதி வந்தது. தாயும் தந்தையும் யூத இனத்தவராயின் மகன் எந்த மதத்தைத் தழுவியிருந்தாலும் யூதனே என்று அது வரையறுத்தது. யூதரும் இத்தாலிய ‘ஆரிய’ரும் விவாகம் செய்துகொள்ளலாகாது. யூதர் ராணுவத்தில் சேரலாகாது, நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிலை நடத்தலாகாது, குறித்த மதிப்புக்கு மேல் நிலமோ வீடோ வைத்திருக்கலாகாது, வீட்டு வேலைக்கு ‘ஆரிய’ரை வைத்துக்கொள்ளலாகாது, அரசாங்கத்திலும், நகரசபைகளிலும், பெரிய பாங்குகளிலும், இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிலும் உத்தியோகம் பார்க்கலாகாது. 1939 ஜூனில் வந்த இன்னொரு சட்டம் வக்கீல்களையும் வைத்தியர்களையும் இன்ஜினீயர்களையும் தனிப் பட்டியலில் எழுதி, யூதருக்கு மட்டுமே தொழில் செய்யலாம் என்று வேலியிட்டது.

சட்டங்களை விடச் சுற்றறிக்கைகள் என் மனத்தை அதிகம் வருத்துகின்றன. சட்டத்துக்காவது ஒரு மன்னரின் கையெழுத்து வேண்டும். சுற்றறிக்கைக்கு ஓர் இலாகா அதிகாரியின் உற்சாகம் போதும். யூதர் வீட்டில் ரேடியோப் பெட்டி இருக்கக்கூடாது. டெலிபோன் புத்தகத்தில் அவர் பெயர் அச்சாகக் கூடாது. கடற்கரை, மலை வாசஸ்தலங்களில் அவர் போய்த் தங்கக்கூடாது. அவர் இறந்தால் பத்திரிகையில் மரண அறிவித்தல் வெளியிடக்கூடாது. ரோமாபுரியில் பழைய மதிலோரக் குடியிருப்பைச் சேர்ந்த ஏழை யூதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தள்ளுவண்டியில் துணி விற்றும், கந்தல் பொறுக்கியும் பிழைத்து வந்தார்கள். அந்தத் தெரு வியாபாரத்துக்கான லைசென்ஸும் கந்தல் சேகரிக்கும் உரிமையும் கூடப் பிடுங்கப்பட்டன. உலக நிதியெல்லாம் யூதர் கையில் இருக்கிறது என்று பிரசாரம் செய்த ஓர் அரசாங்கம், கந்தல் மூட்டை சுமப்பவனின் அன்றாடக் கூலியைப் பறிப்பதற்கு ஒரு கோப்பைத் திறந்தது.

இச்சட்டத்தில் விலக்குகளும் உண்டு. யுத்தத்தில் மாண்டவர்களின் குடும்பத்தார், வீரப் பதக்கம் பெற்றவர்கள், பாஸிஸ்டுக் கட்சியில் ஆரம்ப காலத்திலேயே சேர்ந்தவர்கள் ஆகியோர் மனுச் செய்துகொண்டால் சில தடைகள் தளர்த்தப்படும். தேசத்துக்காகச் சிந்திய ரத்தத்துக்கு ஆவண நகல் இணைத்து விண்ணப்பம் போடவேண்டிய அந்த அவமானத்துக்குப் பலர் உட்பட்டார்கள், எல்லாரும் உட்படவில்லை. மொடேனா நகரத்து ஆஞ்செலோ ஃபோர்ட்டுனாட்டோ ஃபோர்மிஜினி, உலக நகைச்சுவை இலக்கியத்தை வரிசையாகப் பதிப்பித்துப் பேர்பெற்ற பிரசுரகர்த்தர், 1938 நவம்பர் 29ஆம் தேதி தம் ஊர்க் கோபுரமாகிய கிர்லாந்தினாவின் உச்சியிலிருந்து குதித்து உயிர்விட்டார். கப்பற்படை இன்ஜினீயர் உம்பெர்ட்டோ புலியேஸே யூதர் என்பதால் விலக்கப்பட்டிருந்தார். 1940 நவம்பரில் பிரிட்டிஷ் விமானங்கள் டாரண்டோ துறைமுகத்தில் போர்க்கப்பல்களை மூழ்கடித்தபோது, அவற்றை மீட்டெடுக்க அவரையே அழைக்கவேண்டியதாயிற்று.

சர்வகலாசாலைகளில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏறத்தாழ நூறு பேராசிரியர்கள் பதவியிழந்தார்கள். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கைக்கு அடிப்படையான கணித முறையை ஆசிரியரான ரிச்சியுடன் சேர்ந்து உருவாக்கிய டுல்லியோ லெவி-சிவிட்டா, காஸ்மிக் கிரண ஆராய்ச்சியில் முன்னணியில் நின்ற புருனோ ரோஸ்ஸி, பௌதிக அறிஞர் எமிலியோ செக்ரே, பண்டைய சரித்திரத்தில் நிகரற்ற அர்னால்டோ மொமிலியானோ ஆகியோரெல்லாம் அந்தப் பட்டியலில் அடங்குவர். என்ரிக்கோ ஃபெர்மி யூதரல்லர், மனைவி யூதர். 1938 டிசம்பரில் நோபெல் பரிசு பெறுவதற்கு ஸ்டாக்ஹோம் சென்றவர் குடும்பத்துடன் அப்படியே அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

இந்த நிலையில் சக பேராசிரியர்கள் என்ன செய்தார்கள்? 1938 டிசம்பர் 10ஆம் தேதி இத்தாலியக் கணிதச் சங்கத்தின் விஞ்ஞானக் குழு கூடியது. தங்களுடன் பல ஆண்டுகள் பழகிய, தங்களில் சிலருக்குக் குருவாகவும் இருந்த மேதைகள் வெளியேற்றப்பட்டிருந்த சமயம் அது. குழு நிறைவேற்றிய தீர்மானம் என்னவென்றால், இத்தாலியக் கணிதத்தின் புகழ் பெரும்பாலும் ‘ஆரிய’ இன அறிஞர்களின் சிருஷ்டியே என்பதும், காலியான கணிதப் பேராசிரியர் பதவிகளில் ஒன்றுகூட வேறு பாடத்துக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதுமே. அச்சங்கத்தை 1922இல் ஸ்தாபித்து முதல் தலைவராயிருந்த சால்வடோரே பின்கெர்லே யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் இறந்து இரண்டே வருஷங்கள் ஆகியிருந்தன. துப்பாக்கி முனையில் எழுதி வாங்கப்பட்ட தீர்மானம் அன்று இது. படித்தவர்கள், நல்ல குடும்பத்தவர்கள், மாலையில் குழந்தைகளுடன் உலாவப் போகிறவர்கள், தங்கள் துறையின் பங்கு குறைந்துவிடக்கூடாதே என்ற கவலையில் எழுதிக்கொண்ட தீர்மானம். துவேஷத்தால் ஆனது இச்சட்டம் என்று சொல்லி முடித்துவிட்டால் இவர்கள் நம் பார்வையிலிருந்து தப்பிவிடுவார்கள். பிறர் இழப்பில் கிடைக்கும் பதவியுயர்வும், அதைப் பற்றிப் பேசாதிருக்கும் சம்பிரதாயமும் அதற்குத் துவேஷத்தை விடப் பெரிய பலமாக நின்றன.

மறுக்க முடியாத நிலை அன்று இருந்தது என்று சொல்வாருக்கு விடையாகச் சிலர் இருக்கிறார்கள். ஃப்ளாரென்ஸ் சர்வகலாசாலையில் அட்டீலியோ மொமிலியானோ வகித்த இலக்கியப் பேராசிரியர் பதவி மாசிமோ போன்டெம்பெல்லி என்ற எழுத்தாளருக்கு அளிக்கப்பட்டபோது அவர் அதை ஏற்க மறுத்தார். அவரும் பாஸிஸ்டுக் கட்சியில் இருந்தவர்தான். ஆயினும் இன்னொருவரைத் தள்ளிவிட்ட இடத்தில் உட்கார அவருக்கு மனம் வரவில்லை. பண்டிதர் சபைகளின் அங்கத்தினர்கள் தங்கள் இனத்தை அறிவிக்கும்படி படிவம் அனுப்பப்பட்டபோது, தத்துவ ஞானி பெனெடெட்டோ குரோச்சே அதை நிரப்ப மறுத்துக் கண்டனக் கடிதம் எழுதினார். இருவரில் எவரையும் இதற்காகச் சிறையில் தள்ளவில்லை. ஆகவே மறுப்பதற்கு இடமிருந்தது, மறுத்தவர்களைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

பதவியிழந்தவர்கள் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கூயிடோ காஸ்டெல்நுவோவோ என்னும் முதிய கணித அறிஞர், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, ரோமாபுரியில் யூத மாணவர்களுக்கு ஒரு சுவிட்சர்லாந்துக் கல்வி ஸ்தாபனத்தின் தொடர்போடு உயர்தர வகுப்புகளை ஏற்படுத்தி நடத்தினார். டூரினில் ரீட்டா லெவி-மொன்டால்சினி தம் படுக்கையறையையே ஆராய்ச்சிக் கூடமாக்கி, கோழிக்கருவின் நரம்பு வளர்ச்சியை அங்கே ஆராய்ந்தார். 1986இல் நோபெல் பரிசு பெற்ற அவருடைய பிற்கால ஆராய்ச்சிக்கு அந்த அறையில்தான் அஸ்திவாரம் போடப்பட்டது.

1943 ஜூலை 25ஆம் தேதி முசோலினி வீழ்ந்தார். அடுத்து வந்த படோலியோ அரசாங்கம் நாற்பத்தைந்து நாட்களில் இந்தச் சட்டங்களை ரத்துச் செய்யவில்லை. செப்டம்பர் 8ஆம் தேதி போர்நிறுத்த ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டதும் ஜெர்மன் சைனியம் நாட்டை ஆக்கிரமித்தது. ஐந்து வருஷங்களுக்கு முன் ‘புள்ளிவிவரம்’ என்று சேகரிக்கப்பட்டு, அரசாங்கக் காரியாலயங்களில் ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்டு வந்த பெயர்களும் விலாசங்களும் அப்போது தயாராக இருந்தன. அக்டோபர் 16ஆம் தேதி, யூத ஆசிரியர்கள் பள்ளிகளை விட்டு நீங்கி மிகச் சரியாக ஐந்து ஆண்டுகள் நிறைந்த நாளில், ரோமாபுரியில் விடியற்காலையில் வீடு வீடாக 1,259 பேரை ஜெர்மானியர் பிடித்தார்கள். அவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். 16 பேர் திரும்பினார்கள். நவம்பர் 30ஆம் தேதி வடக்கே முசோலினியின் புதிய அரசாங்கம் தன் சொந்தப் போலீசுக்கே யூதர் அனைவரையும் கைது செய்ய உத்தரவிட்டது; லிலியானா செக்ரே போன்றவர்களை ஜெர்மானியர் கையில் ஒப்படைத்தவர்கள் இத்தாலிய உத்தியோகஸ்தர்கள். இத்தாலியிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்களாக அடையாளம் காணப்பட்ட ஏறத்தாழ 6,800 பேரில் உயிர் பிழைத்தவர்கள் 837 பேரே.

சட்டங்கள் 1944 ஜனவரியில் தென் இத்தாலியில் ரத்தாயின. தப்பிப் பிழைத்த பேராசிரியர்கள் பணிக்கு மீண்டும் அழைக்கப்பட்டார்கள். ஆனால் அவர்கள் இடத்தில் அமர்ந்திருந்தவர்கள் எழுப்பப்படவில்லை. தன் சொந்தப் பதவிக்குத் திரும்பி வந்தவர் அங்கே உபரிப் பேராசிரியராக ஒதுக்கப்பட்டார். இன்னொரு மனிதரைப் பற்றியும் சொல்லவேண்டும். யாரை யூதரல்லர் என்று அறிவிக்கலாம் என்று தீர்மானிக்க 1939இல் அமைந்த இன விசாரணை மன்றத்துக்குத் தலைமை வகித்த காயெட்டானோ அஸ்ஸரீட்டி என்ற சட்ட நிபுணர், குடியரசு மலர்ந்த பின் அரசியல் சாசன நீதிஸ்தலத்தில் நீதிபதியாகி, 1957இல் அதன் தலைவராகி, 1961இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். இன வேறுபாடின்றிப் பிரஜைகள் அனைவரும் சமம் என்று அந்தச் சாசனத்தின் மூன்றாவது ஷரத்து சொல்கிறது.

2018 செப்டம்பரில், யூதர்களைக் கல்விச் சாலைகளிலிருந்து விலக்கும் ஆணையில் மன்னர் கையெழுத்திட்ட எண்பதாம் ஆண்டில், இத்தாலியச் சர்வகலாசாலைகளின் தலைவர்கள் பிசா நகரத்தில் கூடி யூத சமூகத்திடம் மன்னிப்புக் கேட்டார்கள். மனப்பூர்வமாகக் கேட்டார்கள் என்றே நம்புகிறேன். விலக்கப்பட்டவர்களின் பெயர்கள் இன்று அங்கே பல இடங்களில் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கல்லில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அப்பதவிக்கு அடுத்து வந்தவரின் பெயரும், வந்த தேதியும் பொறிக்கப்படவேண்டும் என்று நான் கேட்பேன். அவர்களில் பலர் நல்ல ஆசிரியர்களாக இருந்திருப்பார்கள். சிலர் வெளியேறியவரின் மாணவர்களாகவே இருந்திருப்பார்கள். இன்றும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்த ஊரில் கௌரவமாக வாழ்ந்துகொண்டிருப்பார்கள். இவையெல்லாம் அப்பெயர்களைப் பொறிப்பதற்கே காரணங்களாகும், மறைப்பதற்கு அல்ல.